பெரிய ஹார்ன் மாட்டிய பைக்கில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பல்லடம் சாலையில் லாரியை ஒட்டிப் போகும்போது வண்டியோடு வந்த சின்ன ஹார்ன் அடித்தால் டிரைவர் காதில் விழாது. அதனால்தான் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், விடியக்காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஜோடி விண்ட்டோன் (நத்தை வடிவப் பெரிய ஹார்ன் இரண்டு) மாட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். மாட்டினவர்களில் பலர் முதல் மழைக்குப் பிறகு மறுபடி வந்து நிற்கிறார்கள். "அண்ணா, ஹார்ன் டூப்ளிகேட் போல, மாத்திடலாமா?" என்று கேட்பார்கள். நான் கழற்றி நேரடியாக பேட்டரியில் வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தும். கோளாறு பெரும்பாலும் எர்த்திலும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) ஜாயிண்ட்டிலும்தான் இருக்கும். புது ஹார்னுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் கீழே சொல்கிற சோதனைகளைச் செய்து பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெஸ்ட் லேம்ப் (பழைய 12 வோல்ட், 10 வாட் இண்டிகேட்டர் பல்ப்பில் இரண்டு ஒயர் பற்றவைத்தாலே போதும்), ஒரு சாதாரண மல்டிமீட்டர், உபரியாக ஒரு ரிலே (பட்டனின் சின்னக் கரண்ட்டால் ஹார்னின் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), இரண்டு ஃப்யூஸ், உப்புத்தாள், சோதனைக்கென்று இரண்டு மீட்டர் நீளத்தில் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் இரண்டு துண்டு.

முதலில் இணைப்பு இப்படித்தான் இருக்கிறதா?

கீழே வரும் எல்லாச் சோதனையும் இந்த இணைப்பை வைத்துத்தான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். அங்கிருந்து ரிலேயின் 30 (இந்த எண்கள் எல்லாம் ரிலேயின் கால்களுடையவை). ரிலேயின் 87-லிருந்து இரண்டு ஹார்னுக்கும் பாசிட்டிவ். ஹார்ன்களின் மற்ற முனைகள் தனி ஒயராக நேரே பேட்டரி நெகட்டிவுக்கு. இவை எல்லாம் 2.5 ஸ்கொயர் எம்எம். பழைய ஹார்னில் செருகியிருந்த இரண்டு ஒயர்களும் ரிலேயின் 85, 86 இரண்டுக்கும்.

கடைசியாகச் சொன்னதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சில வண்டிகளில் ஹார்ன் பட்டன் பாசிட்டிவைக் கொடுக்கும். சில வண்டிகளில் எர்த்தைக் கொடுக்கும். யாரோ சொன்னார்கள் என்று 85-ஐ சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) கட்டினால் ஒரு வகை வண்டியில் வேலை செய்யும், மற்றதில் செய்யாது. பழைய இரண்டு ஒயரையும் அப்படியே 85, 86-இல் செருகிவிட்டால் எந்த வகை வண்டியாக இருந்தாலும் ரிலே இழுக்கும். ஒயரை வெட்டவும் வேண்டாம்.

அறிகுறி 1: பட்டனை அழுத்தினால் எதுவும் இல்லை, ரிலேயில் "டிக்" சத்தமும் இல்லை

சாவியைப் போட்டு, ரிலேயைத் தொட்டுக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். விரலில் ஒரு தட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரிலேயைக் கழற்றி, 85-க்கும் 86-க்கும் வரும் இரண்டு ஒயருக்கு நடுவில் டெஸ்ட் லேம்ப்பை வைத்து மறுபடி அழுத்துங்கள்.

லேம்ப் எரிந்தால் பட்டன் பக்கம் சரி. ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போயிருக்கிறது, அல்லது லக்கு (ஒயர் நுனியில் அடிக்கும் உலோக முனை) லூஸாகி ரிலே காலைப் பிடிக்காமல் இருக்கிறது. லக்கை மூக்குக் குறடால் லேசாக நசுக்கிச் செருகிப் பாருங்கள். அதற்கும் இழுக்கவில்லை என்றால் உபரி ரிலேயைப் போடுங்கள்.

லேம்ப் எரியாவிட்டால் இப்படிப் பிரியுங்கள். லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையால் அந்த இரண்டு ஒயரையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

பட்டனை அழுத்தாமலே ஒன்றில் எரிகிறதா? உங்கள் வண்டி எர்த் கொடுக்கும் வகை. லேம்ப்பின் ஒரு முனையை இப்போது பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றி, இன்னொரு ஒயரைத் தொட்டுப் பட்டனை அழுத்துங்கள். எரியவில்லை என்றால் பட்டனிலோ பட்டனின் எர்த்திலோ கோளாறு.

அழுத்தினால்தான் ஒன்றில் எரிகிறதா? பாசிட்டிவ் கொடுக்கும் வகை. பட்டன் நன்றாக இருக்கிறது. எர்த்துக்குப் போகும் மற்ற ஒயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது.

எப்படித் தொட்டாலும் எரியவில்லையா? வண்டியின் சொந்த ஃப்யூஸைப் பாருங்கள். அதே ஃப்யூஸில் பிரேக் லைட், இண்டிகேட்டர் போன்றவையும் இருக்கலாம். அவையும் செத்துக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அவை எரிந்தால் பட்டன்.

பட்டன் கோளாறு ஐந்து வருடம் ஓடின எந்த வண்டிக்கும் வரும். ஹேண்டில் ஸ்விட்சின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள்; உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் துள்ளிப் போனால் திரும்பக் கிடைப்பது கடினம். உள்ளே பித்தளைத் தகடு கரி பிடித்து, அடுப்புப் பாத்திரத்தின் அடிபோல் இருக்கும். உப்புத்தாளை மடித்து இரண்டே இழுப்பு. பித்தளை மினுங்கினால் போதும்; அதற்கு மேல் தேய்த்தால் தகடு தேய்ந்து தொடாமல் போகும்.

அறிகுறி 2: ரிலே "டிக்" என்கிறது, ஹார்ன் கத்தவில்லை

பட்டன் பக்கம் முழுவதும் சரி, அதைத் தொடவே வேண்டாம். கோளாறு கனத்த ஒயர் பக்கம்.

முதலில் நீங்கள் போட்ட ஃப்யூஸ். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேம்ப்பின் ஒரு முனையை நெகட்டிவில் வைத்து ஃப்யூஸின் இரண்டு பக்கமும் தொடுங்கள். அடுத்து ரிலேயின் 30-இல் எப்போதும் எரிய வேண்டும், 87-இல் அழுத்தும்போது எரிய வேண்டும். 30-இல் எரிந்து 87-இல் எரியவில்லை என்றால் ரிலேயின் உள்முனை கருகிவிட்டது. மாற்றுங்கள்.

87-இலும் எரிகிறது என்றால் ஹார்னின் பாசிட்டிவ் முனையில் பாருங்கள். அங்கும் எரிந்தால் மிச்சம் எர்த்தும் ஹார்னும்தான். சோதனை ஒயரின் ஒரு நுனியை முதலில் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், பிறகு மறுநுனியை ஹார்னின் நெகட்டிவ் முனையில் தொட்டுப் பட்டனை அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். பொறி பறந்தால் ஹார்ன் பக்கம்தான் பறக்க வேண்டும், பேட்டரி பக்கம் அல்ல. கத்தியதா? எர்த் போயிருக்கிறது.

ஒரு வண்டியில் இதே கதை. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஹார்ன், மூன்று பேரிடம் காட்டியாகிவிட்டது. எர்த் லக்கை டேங்குக்குக் கீழே சேஸிஸ் போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். போல்ட் கெட்டியாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் லக்குக்கு அடியில் கறுப்பு பெயின்ட் புதிதுபோல் பளபளவென்று இருக்கிறது. போல்ட்டின் மரை ஓரமாகத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்தது; மழைத்தண்ணீர் இறங்கித் துரு பிடித்ததும் அதுவும் நின்றுவிட்டது. லக்கின் அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி இரும்பு தெரிந்ததும் முறுக்கினேன், கத்தியது. பிறகு அந்த எர்த்தையே கழற்றி பேட்டரி நெகட்டிவுக்குத் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தேன்.

அறிகுறி 3: சத்தம் வருகிறது, ஆனால் கரகர, மெலிவு, பழைய ஹார்ன் அளவுகூட இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் பணம் வீணாவதும் இதில்தான், ஏனென்றால் எல்லாரும் முதலில் ஹார்னைத்தான் மாற்றுகிறார்கள். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

*ஏதாவது தொடுகிறதா?* ஹார்னின் உடம்பு அதன் பட்டையைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. மட்கார்டு, ஃபோர்க், க்ராஷ் கார்டு, பக்கத்து ஹார்ன், ஒரு கேபிள் டை என எது தொட்டாலும் சத்தம் அமுங்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஃபோர்க்கை அழுத்தி அமுக்கியும் பாருங்கள். ஹார்னோடு வந்த பட்டையை விட்டுவிட்டு கனமான இரும்புப் பட்டை அடித்துக் கட்டினாலும் இதே கதிதான்.

*வாய் எந்தப் பக்கம்?* நத்தை வடிவ விண்ட்டோனின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் மழைத்தண்ணீர், வாட்டர் வாஷ் தண்ணீர் எல்லாம் உள்ளே தேங்கும். நீர் புகுந்த ஹார்ன் தொண்டை கட்டினவர்போல் பேசும். கழற்றி, கவிழ்த்துத் தட்டி, அரை நாள் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

*ஹார்னில் எத்தனை வோல்ட் வருகிறது?* இந்த ஒரு சோதனைக்காகவே மல்டிமீட்டர் வாங்கலாம். எஞ்சின் ஓடட்டும். மீட்டரின் இரண்டு முனையையும் ஹார்னின் இரண்டு முனையில் வைத்து, ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தாமல் பார்த்த அளவு எதற்கும் உதவாது. கரண்ட் ஓடும்போதுதான் உண்மை தெரியும். 12-க்குப் பக்கத்தில் நின்றால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. 11-க்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கோ தின்கிறது.

எங்கே தின்கிறது என்பதையும் அதே மீட்டர் சொல்லும். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை ஹார்னின் நெகட்டிவில். அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. அடுத்து சிவப்பு பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு ஹார்னின் பாசிட்டிவில். அழுத்தும்போது 0.5-க்கு மேல் காட்டினால் ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே, லக்கு, ஒயர் இவற்றில் ஒன்று. சிவப்பு பேட்டரியிலேயே இருக்கட்டும். கறுப்பை மட்டும் ஹார்னிலிருந்து 87, 30, ஃப்யூஸ் என்று பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். அளவு சட்டென்று எந்த இடத்தில் குறைகிறதோ, குற்றவாளி அந்த இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

ரிலேயே இல்லாமல் பழைய ஒயரிலேயே ஜோடி ஹார்னைச் செருகியிருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை. அந்த ஒயர் 0.5 ஸ்கொயர் எம்எம் அளவுக்கு மெல்லியது; சின்ன ஹார்னின் இரண்டு மூன்று ஆம்ப்புக்காகப் போட்டது. ஜோடி விண்ட்டோன் 10 ஆம்ப் பக்கம் இழுக்கும். அந்த ஒயரில் போகவர மூன்று மீட்டர் இருந்தால் ஒயரிலேயே ஒரு வோல்ட் போய்விடும், பட்டன் தின்பது தனி. சத்தம் மெலிவதோடு நிற்காது, கொஞ்ச நாளில் பட்டன் கருகும். ரிலே போடுங்கள், வேறு வழியில்லை.

முறுக்கி டேப் சுற்றின ஜாயிண்ட்டுகளையும் பிரித்துப் பாருங்கள். செம்பு இழை பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். அந்த இழை வெளியே தெரியும் அரை அங்குலத்தோடு முடிவதில்லை. ரப்பருக்குள்ளும் பச்சை ஏறியிருக்கும். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு லக்கு அடித்து ஸ்லீவ் போடுங்கள்.

*கடைசியாக ட்யூனிங் ஸ்க்ரூ.* வோல்ட் சரியாக இருந்தும் கரகரத்தால் மட்டும் இதைத் தொடுங்கள். ஹார்னின் பின்பக்கம் அரக்கோ பெயின்ட்டோ வைத்து அடைத்த சின்ன ஸ்க்ரூ இருக்கும். முதலில் அதன் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் தெளியும் என்பது ஹார்னுக்கு ஹார்ன் மாறும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒரு நொடி அடித்துக் கேளுங்கள். சரியான இடம் வந்ததும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு சுற்று திருப்பியும் மாற்றம் இல்லை என்றால் பழைய குறிக்கே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். உள்ளே காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. இந்த இடத்தில்தான் புது ஹார்ன் வாங்கலாம். கோவையிலேயே செய்யும் ரூட்ஸ் உட்பட எந்த கம்பெனி ஹார்ன் வாங்கினாலும், ஜோடியில் ஒன்று லோ டோன், ஒன்று ஹை டோன் என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே டோனாக இருந்தால் சத்தம் நிறையாது.

அறிகுறி 4: ஜோடியில் ஒன்று மட்டும் கத்துகிறது

இரண்டு ஹார்னின் ஒயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். ஊமை அதே ஹார்னில் தங்கினால் ஹார்ன் கோளாறு. மற்ற ஹார்னுக்கு மாறினால் அந்தக் கிளை ஒயர் அல்லது அதன் எர்த்.

அறிகுறி 5: ஹார்ன் நிற்காமல் கத்துகிறது

பதறாமல் ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். ஹார்னின் பாசிட்டிவ் ஒயரில் வேறொரு பாசிட்டிவ் ஒயர் நசுங்கித் தொட்டுக்கொண்டிருக்கிறது.

ரிலேயைப் பிடுங்கியதும் நின்றால், 85–86 ஒயர்களுக்கு நடுவில் லேம்ப்பை வையுங்கள். பட்டனை அழுத்தாமலே எரிகிறது என்றால் பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஹேண்டிலுக்குக் கீழே ஒயர் நைந்து பாடியைத் தொடுகிறது. எரியவில்லை என்றால் இரண்டு வாய்ப்பு. புதிதாக மாட்டின அன்றே கத்தினால், ஐந்து கால் ரிலேயில் நடுக்காலான 87ஏ-இல் ஹார்னைச் செருகியிருப்பீர்கள்; அந்தக் கால் ரிலே இழுக்காதபோதுதான் கரண்ட் கொடுக்கும். 87-க்கு மாற்றுங்கள். பல மாதம் ஓடின பிறகு கத்தினால் ரிலேயின் உள்முனை உருகி ஒட்டிவிட்டது. தட்டினால் விடும், ஆனால் நம்பி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

சாவி போட்டதும் கத்தி, சாவியை எடுத்தால் நிற்கிறதா? எர்த் கொடுக்கும் வகை வண்டியில் 85-ஐ சேஸிஸில் கட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன இணைப்புக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 6: ரிலே "டர்ர்ர்" என்று துடிக்கிறது

ரிலேயின் 30-க்கு பேட்டரியிலிருந்து எடுக்காமல், பழைய ஹார்ன் ஒயரிலிருந்தே எடுத்திருந்தால் இப்படி ஆகும். ஹார்ன் இழுத்ததும் வோல்ட் விழும், ரிலே விடும், வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள். அப்படித்தான் எடுத்திருக்கிறீர்கள் என்றால் பேட்டரி டெர்மினல் லூஸா, வெள்ளை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து பேட்டரியே சோர்ந்திருக்கலாம். ஏசி கரண்ட்டில் ஹார்ன் ஓடும் பழைய மொபெட்டுகளில் இந்த ரிலே எப்போதும் துடிக்கத்தான் செய்யும். அந்த வண்டிகளில் ஜோடி விண்ட்டோன் போடவேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

அறிகுறி 7: ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

ஜோடி விண்ட்டோனுக்கு 15 ஆம்ப், மிஞ்சினால் 20. எத்தனையாவது முறை போனாலும் அதைவிடப் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள், கம்பி சுற்றாதீர்கள். டேங்குக்கு அடியில் பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில்தான் அந்த ஒயர் போகிறது.

ஃப்யூஸ் போட்டதுமே போகிறதா? ஃப்யூஸுக்கும் ரிலேயின் 30-க்கும் நடுவில் ஷார்ட். அழுத்தினால்தான் போகிறதா? 87-க்குப் பிறகு. இரண்டு ஹார்னையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். அப்போதும் போனால் ஒயர், போகாவிட்டால் ஹார்ன்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒயர் நசுங்கும் இடங்கள் எனக்குப் பழகிப்போனவை: டேங்க் போல்ட்டுக்கு அடி, ஹேண்டில் திரும்பும் கழுத்து, சீட் லாக், எஞ்சின் ஹெட்டை உரசும் வளைவு.

அறிகுறி 8: ஹேண்டில் திருப்பினால் அல்லது மழை பெய்தால் மட்டும் கோளாறு

முதலாவதற்கு, கழுத்துப் பகுதியில் ஒயர் இறுக்கமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். இரண்டாவதற்கு, ரிலேயைப் பாருங்கள். கால்கள் கீழே பார்த்து, சீட்டுக்கு அடியிலோ சைடு பேனலுக்குள்ளோ இருக்க வேண்டும். ஹெட்லைட்டுக்குக் கீழே திறந்தவெளியில் கால் மேலே பார்க்கத் தொங்கும் ரிலே சாக்கெட் மழையில் கிண்ணம்போல் தண்ணீர் பிடிக்கும்.

அறிகுறி 9: ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

சிக்னலில் ஐடிலிங்கில் லேசாக மங்குவது இயல்பு. ஓடும்போதும் மங்கினால் சார்ஜிங்கைப் பாருங்கள். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு காலையில் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 12.6 பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சினை முறுக்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். வரவில்லை என்றால், அல்லது 15-ஐத் தாண்டினால், ரெகுலேட்டர் அல்லது மேக்னெட் காயில் வேலை; அது எலக்ட்ரீஷியனுக்கு.

அளவெல்லாம் சரி, ஆனாலும் காலையில் பேட்டரி இறங்குகிறதா? ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு இரவு விடுங்கள். அப்போதும் இறங்கினால் ஹார்ன் மேல் பழி இல்லை. 100, 125 சிசி வண்டிகளில் பேட்டரியின் கொள்ளளவே மூன்று, நான்கு, ஐந்து ஆம்பியர்-மணி (Ah) அளவுதான். அவற்றில் ஜோடிக்குப் பதில் ஒற்றை விண்ட்டோன் போடுவதே என் விருப்பம்.

அறிகுறி 10: கம்ப்ரசர் ஹார்னில் மோட்டார் ஓடுகிறது, சத்தம் இல்லை

சாதாரண ஹார்னுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினாலும் கத்தும். கம்ப்ரசர் ஹார்னில் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், காற்று வராது. ஒயரை மாற்றிச் செருகுங்கள். மோட்டார் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தால் அப்படியே மாட்டுங்கள்.

அறிகுறி 11: எல்லாம் சரி, போலீஸ் நிறுத்துகிறார்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆவது விதி, மாறி மாறிப் பல சுரம் எழுப்பும் மல்டிடோன் ஹார்னையும், காதைக் கிழிக்கும் கடுமையான ஒலிக்கருவிகளையும் தடை செய்கிறது. மியூசிக் ஹார்ன் கேட்டு வந்தால் நான் மாட்டித் தருவதில்லை. தேவையில்லாமல் அடிப்பதற்கும், ஹார்ன் தடை செய்த இடத்தில் அடிப்பதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஹார்ன் கூடாது. விடியக்காலையில் கிளம்பும் பால்காரர்கள் ஊருக்குள் பழைய சின்ன ஹார்னைக்கூட அடிக்கவேண்டாம். பெரிய ஹார்ன் நெடுஞ்சாலைக்கு.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் செருகி) உருகியிருந்தால், கருகல் வாடை வந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஹார்ன் மாட்டின பிறகு எஞ்சின் லைட்டோ ஏபிஎஸ் லைட்டோ எரிந்தால் அதற்கு மேல் எதையும் குத்திப் பார்க்காதீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ்-6 வண்டிகளில் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் ஒயர்கள் ஒரே கட்டில் போகும். டெஸ்ட் லேம்ப்பின் ஊசியைத் தவறான ஒயரில் குத்தினால் செலவு ஹார்ன் விலையைப்போல் பல மடங்கு ஆகும். மெயின் ஒயரிங் கட்டுக்குள் அறுந்த ஒயர், ஹேண்டில் ஸ்விட்ச் முழு செட் மாற்றுவது, 15 வோல்ட் தாண்டும் சார்ஜிங் எல்லாம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியவை. வாரண்ட்டியில் இருக்கும் வண்டி என்றால் ஒயரை வெட்டாமல் செருகும் லக்கோடு மட்டும் மாட்டச் சொல்லுங்கள்.

போகும்போது கழற்றி வைத்த பழைய ஹார்னையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதே இரண்டு ஒயரில் அதைச் செருகினதும் கத்தினால், கோளாறு நீங்கள் புதிதாகப் போட்ட பக்கம்தான் என்று எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உதிரி கிடைக்க இரண்டு நாள் ஆனாலும் அதுவரை அந்த ஹார்னோடு வண்டியை ஓட்டலாம்.